நெற்றியில் ஒரு சிலுவை

நெற்றிச் சாம்பலைப் பார்த்தால் பார்க்கட்டும், யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே நர்ஸ் வார்டுக்குள் நுழைந்தாள்.

மற்ற நர்ஸுகளோடு நின்ற தலைமை நர்ஸ் கண்ணில்தான் முதலில் பட்டாள்.

"பாருங்கடி, சாம்பல் புதன்னு விடியக்காலைப் பூசைக்கே போயி ஃபாதர்கிட்ட நெத்தியில சாம்பல் வாங்கிட்டு வந்திருக்கா. நீங்களும் இருக்கீங்களே, கும்பகர்ணிங்க!"

அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓரக் கட்டிலுக்குப் போனாள். இடுப்பெலும்பு முறிந்து கிடந்த டீச்சரம்மாவின் முகம் மலர்ந்தது.

"கிட்ட வாம்மா. இந்த நாள்ல சாம்பல் வைக்காம நான் இருந்ததே இல்ல. உன் நெத்தியில தொட்டு எனக்கும் கொஞ்சம் வச்சு விடு."

"சாயங்காலம் ஃபாதரை வரச் சொல்றேம்மா."

"இப்பவே ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருவாங்க. திரும்பி வருவேனோ மாட்டேனோ! யார் வச்சா என்ன, கோயில் சாம்பல்தானே?"

காலையில் நர்ஸ் கண் விழித்தபோதே பூசை முடிந்திருந்தது. தலைமை நர்ஸின் வாய்க்குப் பயந்து, தன் அறைக் கட்டிலடியில் எரிந்து கிடந்த கொசுவத்திச் சாம்பலைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

டீச்சரம்மாவின் விரல் அவள் நெற்றியை நோக்கி வந்தது. அந்தக் கையைப் பிடித்து, மெல்லப் போர்வைக்குள் வைத்தாள்.

"இது வேண்டாம்மா."