விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன்

"விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன் எண்டனீங்கள். எட்டு மாசம் ஆச்சு அப்பா. இண்டைக்குச் சொல்லுங்கோ, ஓமோ இல்லையோ?"

ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு றூபினி கேட்டுவிட்டாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. லண்டன் செவன் கிங்ஸில் அந்தச் சின்ன வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கோப்பை வைக்க இடமில்லை. முழுவதும் அப்பாவின் கடதாசிகள்.

"பொறு பிள்ளை," என்றார் பெனடிக்ற். "இன்னும் ஒரு ஈமெயில் வரவேணும்."

பொறுக்க அவளுக்குப் பயமாக இருந்தது. அப்பா விசாரிக்கத் தொடங்கினால் கலியாணம் நின்ற மாதிரித்தான் என்று சொந்தத்துக்குள் ஒரு பேச்சு. சகோதரனின் மகள் றஜீனாவுக்குப் பேசிய மாப்பிள்ளையை மன்னாரிலிருந்து ரொறன்ரோ வரை போன் போட்டுத் துருவி, அவனுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பதைக் கண்டுபிடித்தவர் இவர்தான். இருபத்திரண்டு வருடம் தபால் நிலையத்தில் தபால் பிரித்த மனிதர். அரைகுறை விலாசத்துக்கே ஆளைப் பிடித்துவிடுவார்.

இப்போது அவரிடம் அகப்பட்டிருப்பவன் டெக்லன். றூபினி வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். அமெரிக்காவில் பிறந்த ஐரிஷ் வம்சம். ஆறு வயதில் தாயோடு லண்டனுக்கு வந்தான். அந்த வருடமே தாய் இறந்துபோக, குட்மேய்ஸில் ஒரு வளர்ப்பு வீட்டில் வளர்ந்தான். தகப்பன் யாரென்றே தெரியாது. றூபினியின் அப்பா மனமார ஓம் சொன்னால்தான் கலியாணம் என்று அவன் ஒரே பிடியாக நிற்கிறான்.

"அவனுக்கு ஒருத்தரும் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும். பிறகு ஆரிட்ட விசாரிக்கிறீங்கள்?"

"ஒருத்தரும் இல்லாமல் ஒருத்தன் பிறக்கிறதோ? தாயின்ர ஞானஸ்நானத் துண்டு அவனிட்ட இருந்தது. அதை வச்சு பொஸ்ரனில இருக்கிற பங்குச் சுவாமிக்கு எழுதினன். தங்கமான மனுசன். பழைய புத்தகமெல்லாம் படம் எடுத்து அனுப்பினவர்."

குசினிக்குள் இருந்து அகப்பையோடு எட்டிப் பார்த்தாள் அம்மா பெர்னடெற். "என்னப்பா பிடிச்சனீங்கள்? குடிகாரனோ, கொலைகாரனோ?"

"இஞ்சரும், வந்து இந்த ஆளைப் பாரும்!" பெனடிக்ற்றின் முகம் மலர்ந்துவிட்டது. "மைக்கல் மல்ரூனி. டெக்லன்ர பூட்டனுக்குத் தகப்பன். அயர்லாந்தில கிழங்கு அழுகிச் சனம் பட்டினியில செத்த காலம். பதினொரு வயசில தமக்கையோட கப்பல் ஏறினவன். நடுக்கடலில தமக்கை செத்துப்போச்சு. பொஸ்ரனில தனியத்தான் இறங்கினவன்."

"ஐயோ, யேசுவே!"

"வேலை கேட்டுப் போனால், ஐரிஷ்காரருக்கு வேலையில்லை எண்டு போர்ட் போட்டிருக்குமாம்."

"எங்களுக்கும் வந்த புதிசில அப்டன் பார்க்கில அறை தரமாட்டம் எண்டு கதவைச் சாத்தினவையெல்லே!"

"அதுதான் சொல்லுறன், எங்களைப்போல ஆக்களப்பா! மண் வெட்டி, கல் சுமந்து, ஏழு பிள்ளையளை வளர்த்திருக்கிறான். மூத்தவள் நோரா. பணக்கார வீடுகளில உடுப்புத் தோய்ச்சே தம்பிமாரைப் படிப்பிச்சவள். தான் கலியாணமே செய்யேல்லை. கடைசித் தம்பி தோமஸ்தான் டெக்லன்ர பூட்டன். தீயணைக்கிற வேலை. எரியிற வீட்டுக்குள்ள மூண்டு தரம் போய் ஆக்களைத் தூக்கியந்தவர். நாலாம் தரம் போனவர் வரேல்லை."

பெனடிக்ற் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெர்னடெற் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அவற்ற மகன், டெக்லன்ர தாயின்ர தகப்பன், பள்ளிக்கூட வாத்தியார். என்ன சனம் பார்! விழ விழ எழும்பின சனம்!"

தன் சொந்தத் தகப்பனைப் பற்றிக்கூட அப்பா இப்படிப் பெருமையாகப் பேசி றூபினி கேட்டதில்லை. அதனால்தான் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. றஜீனாவின் மாப்பிள்ளையையும் அப்பா முதலில் வாயாரப் புகழ்ந்துவிட்டுத்தான் 'ஆனால்' என்று தொடங்கினார்.

"இவ்வளவு நல்ல ஆக்கள் எண்டால் இன்னும் என்னத்தைத் தேடுறீங்கள்? எங்கயாவது ஒரு பிழை கிடைக்கும் எண்டோ?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "மூண்டு மணிக்கு அவன் வாறான். வேண்டாமெண்டால் நீங்களே அவன்ர முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ. என்னால ஏலாது."

பெனடிக்ற் பதில் சொல்வதற்குள் மடிக்கணினியில் ஈமெயில் வந்த சத்தம். குனிந்து வாசித்தார். விரல் விட்டு ஏதோ எண்ணினார். பிறகு ஒரு தாளை இழுத்து, அதன் அடியில் ஒரு பெயரை எழுதினார்.

"சரி. விசாரணை முடிஞ்சுது. இந்தா, பார்."

வாங்கிப் பார்த்தாள். செத்தவர்களின் பட்டியல் அல்ல அது. பொஸ்ரன் விலாசங்கள், போன் நம்பர்கள், அப்பாவின் அச்சுப்போன்ற கையெழுத்தில் இருபத்துமூன்று பெயர்கள்.

"நோரா படிப்பிச்ச மற்றத் தம்பிமாரின்ர வழியில வந்த டெக்லன்ர சொந்தம். எல்லாரும் உயிரோட இருக்கினம்," என்றார் பெனடிக்ற்.

"இவையில ஆர் என்ன பிழை செய்தது அப்பா?"

"பிழையோ? அந்தப் பெடியனுக்கு நான் முதல் நாளே ஓம் எண்டு முடிவெடுத்திட்டன், பிள்ளை. கோவிலில எங்கட பக்கம் இருநூறு பேர் இருக்கேக்கை, என்ர மருமகனுக்குப் பின்னால ஒரு இருக்கையும் வெறுமையாக் கிடக்கக் கூடாது. திகதியைச் சொன்னால் மாப்பிள்ளை பகுதி இருபத்திமூண்டு பேரும் பிளேன் ஏறுவினமாம்."