வெயிலில் தெரியாத திரை

"இது வேணாம். அதைக் குடுங்க" என்று ஒடேரா கை காட்டிய லேப்டாப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிசுமு நகரத்தின் பழைய சாமான் கடைகளில் அரை நாளாக அலைந்திருந்தோம். கையிலிருந்த காசுக்குள் வருகிற ஒவ்வொரு லேப்டாப்பையும் வாசலில் உச்சி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாயிற்று. ஒன்றே ஒன்றில்தான் வெயிலிலும் படம் பளிச்சென்று தெரிந்தது. படகில் வைத்துப் பார்க்க அதைவிட வேறென்ன வேண்டும்? இவன் அதைத் தள்ளிவிட்டு, இருப்பதிலேயே மங்கலான ஒன்றைக் கேட்கிறான்.

கடைக்காரரே தயங்கினார். "தம்பி, ரெண்டும் ஒரே விலைதான். இதை வெளியில கொண்டு போனா உங்க மூஞ்சிதான் தெரியும்."

"பேட்டரி நாள் முழுக்க நிக்கும்ல? அது போதும்" என்றான் ஒடேரா.

எங்கள் கரைப் பையன் ஓயுகி ஏரியில் மூழ்கி அன்றோடு ஐந்து நாள். வலை காலில் சுற்றி, வலையோடு உள்ளே போய்விட்டான். உடல் கிடைக்கும்வரை கரையில் யாரும் மீன்பிடிக்கப் போகக்கூடாது. நாற்பது படகுகள் மணலில் சும்மா கிடந்தன. பல வீடுகளில் மீன் இல்லாமல் வெறும் உகாளியை, சோளமாவுக் களியை, பிசைந்து தின்றார்கள். சில வீடுகளில் அதுவும் இல்லை.

கடைசியில் ஏரி ஆய்வுக்காரர்கள் ஒரு கருவியை இரவல் கொடுத்தார்கள். கயிற்றில் கட்டி இழுத்தால் ஏரியின் அடித்தரையைப் படமாக அனுப்பும். படம் பார்க்கும் லேப்டாப்பை நாங்கள்தான் வாங்க வேண்டும். எங்கள் கரையில் போன் ரிப்பேர் செய்கிற ஒடேராவுக்குத்தான் இதெல்லாம் தெரியும் என்று ஊரே சேர்ந்து போட்ட காசைக் கொடுத்து அவனை அனுப்பினார்கள். துணைக்கு நான்.

திரும்பும் வேனில், கடைக்காரரிடம் உனக்கு எவ்வளவு கிடைத்தது என்று நேராகவே கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு அதுவே பதிலாக இருந்தது.

மறுநாள் காலை படகை எடுத்தோம். மற்ற நாளில் பெண்களைப் படகில் ஏற்றாத எங்கள் ஆட்கள், ஓயுகியின் அம்மா அபோண்டியைக் கைபிடித்து ஏற்றினார்கள். பெற்றவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் ஏரி பிள்ளையைத் திருப்பித் தரும் என்பது எங்கள் வழக்கம். கயிறு இறங்குகிற பக்கம் அவள் உட்கார வேண்டும். ஒடேராவுக்கும் அங்கேதான் இடம்.

"ஓயுகி, வாப்பா. அம்மா வந்திருக்கேன், வா."

அன்று முழுக்க இதைத்தான் சொன்னாள். மாலைக்குள் தொண்டை கட்டிவிட்டது. பிறகு உதடு மட்டும் அசைந்தது. எங்களில் யாராலும் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

கடைக்காரர் சொன்னபடியே வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஒடேரா ஒரு கனத்த போர்வையை லேப்டாப்போடு தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு உள்ளே குனிந்திருந்தான். மூச்சு முட்டும்போது வெளியே வருவான். வேர்வை சொட்டச் சொட்ட ஒரு வாய் தண்ணீர் குடிப்பான். மறுபடி உள்ளே.

இரண்டாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "உள்ளே தேடுறியா, தூங்குறியா?" என்றேன்.

அபோண்டியும் பேசிவிட்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "எல்லாரும் சேர்ந்துதானேப்பா காசு குடுத்தாங்க. எம் புள்ளையத் தேட இந்தக் குருட்டுப் பொட்டிதான் கெடச்சுதா உனக்கு?"

ஒடேரா போர்வையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். கரையில் பேச்சு வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. அவனால்தான் குழந்தைகள் பட்டினி என்று பெண்கள் அவன் மனைவி முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

மூன்றாம் நாள் மதியம் அவன் போர்வையை விலக்கினான். லேப்டாப்பைப் பட்டென்று மூடினான்.

"இங்க ஒண்ணும் இல்ல. அம்மாவுக்கு முடியல. கரைக்குத் திருப்புங்க."

வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் படகைத் திருப்பினேன். அபோண்டியைப் பெண்களிடம் ஒப்படைத்தோம். அவர்கள் அவளை வீட்டுக்கு அழைத்துப் போனதும் ஒடேரா என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"வாங்கண்ணே. இடம் தெரியும்."

மாலையில் ஓயுகியைக் கொண்டுவந்தோம். வரும் வழியிலேயே வெள்ளைத் துணியால் தலை முதல் கால் வரை சுற்றிக் கட்டிவிட்டோம். அபோண்டி துணிக்கு மேலேயே கால்களைப் பிடித்துக்கொண்டாள். அழவும் அவளிடம் குரல் மிச்சமில்லை.

அடக்கம் முடிந்தது. படகுகள் ஏரிக்குப் போயின. ஒடேராவுக்கு ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. நானும்தான். கேட்டே விடுவது என்று அவன் ரிப்பேர் கடைக்கே போனேன்.

"நல்ல திரையா வாங்கியிருந்தா எல்லாருமா பாத்திருப்போம். மொத நாளே கெடச்சிருப்பான். ஏன்டா இப்படிப் பண்ணினே?"

அவன் கதவைச் சாத்தி இருட்டாக்கினான். லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினான்.

சாம்பல் நிறத்தில் ஏரியின் தரை. அதில் கொத்தாக ஒரு வலை. வலைக்குள் முழங்கால் மடங்கி ஓர் உருவம், ஒரு கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு. யாரோ பிடித்துத் தூக்குவார்கள் என்பதுபோல அந்தக் கை அப்படியே நின்றிருந்தது.

என்னால் பார்க்க முடியவில்லை. நானே மூடிவிட்டேன்.

ஒடேரா மெதுவாகச் சொன்னான். "திரை பளிச்சுன்னு தெரிஞ்சா நான் என்ன சாக்கு சொல்லிண்ணே போர்வைக்குள்ள போறது? அவனைப் பெத்தவங்க என் தோளை ஒட்டித்தானே உக்காந்திருந்தாங்க."