முதல் லெவல்

தாம்பரம் வீடியோ கேம் கடையில் துளசிங்கமும் ஏகநாதனும் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். துளசிங்கத்தின் வாள்வீரன் இருபதாம் லெவலைத் தொட்டதும் ஆட்டம் நின்று ஏதோ கேட்டது.

கடைக்கார ஹாஜா மைதீன் திரையைப் படித்தார். “கிளாஸ், அதான் இவனோட தொழில, மாத்தலாமாம்ணா. மந்திரவாதி ஆவுறீங்களா?”

“ஆயிட்டா?”

“மறுபடி ஒண்ணாம் லெவல்லேர்ந்து வரணும்.”

“வாணாம் பாய். இந்த வயசுல எவன்கிட்ட போய் மந்திரம் கத்துக்கறது?”

“மாறலன்னா அடுத்த கோட்டையத் தாண்ட மாட்டான் மச்சான்” என்றார் ஏகநாதன்.

தாண்டவில்லை. வாசலிலேயே செத்துப் போனான்.

மணி ஐந்தரை. யாரும் கேட்காமலே ஹாஜா மைதீன் மேஜைக்கு அடியிலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்து வைத்தார். இருவரும் நகக்கண் வரைக்கும் பூசித் துடைத்துக்கொண்டு, காலி டிபன் பாக்ஸோடு கிளம்பினார்கள்.

படியில் ஏகநாதன் நின்றார். “சட்டையிலயும் கொஞ்சம் தடவிக்கோ. ‘இவ்ளோ சுத்தமா கீதே, பட்டறைய இன்னா இழுத்துப் பூட்டிட்டாங்களா?’ன்னு நேத்து என் பொண்டாட்டி சிரிச்சுகினே கேக்கறா.”

துளசிங்கம் திரும்பி வந்து டப்பாவைத் திறந்தார்.