அழுத்தாத கை

எப்சிபாய் டீச்சரின் கை அவள் கையை அழுத்தியது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணைத் திறந்துவிட்டாள். ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறப்பது தப்புதான், என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். ஆலயத்தை ஒட்டிய ஹாலில் பதினான்கு பெண்கள், பாயில், வட்டமாய், கை கோத்து. சங்கிலி ஜெபம் என்று பெயர். ஆளுக்கு ஒரு ஜெபக்குறிப்பு, இன்னாருக்காக, இன்னதுக்காக என்று. ஒருத்தி முடித்ததும் அடுத்தவள் தொடங்க வேண்டும். வாய் வராதவள் அடுத்தவள் கையை ஓர் அழுத்து அழுத்தினால் போதும். முறை தாண்டிப் போய்விடும். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

எப்போதும் அழுத்துகிறவள் அவள்தான்.

ஆறு வருஷமாக.

டீச்சர் அழுத்தியதே இல்லை. டீச்சர் ஜெபிக்க ஆரம்பித்தால் வேதத்தின் முதல் புத்தகம் ஆதியாகமத்தில் ஏறி, கடைசிப் புத்தகம் வெளிப்படுத்தின விசேஷத்தில்தான் இறங்குவார். கேட்கிறவர்களுக்கு முட்டி மரத்துப் போகும். ஆனாலும் அந்தத் தமிழுக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

இன்றைக்கு அந்த வாய் அடைத்துப் போயிற்று.

டீச்சரின் மடியில் செல்போன் கிடந்தது. மஸ்கட்டில் இருக்கிற மகள் பெனிட்டாவைக் காலையில் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். தலைப்பிரசவம். பிரஷர் எகிறிவிட்டதாம். விசா வந்து சேரவில்லை. பெற்றவள் இங்கே பாயில் உட்கார்ந்திருக்கிறாள்.

என் பிள்ளைக்கு நானே ஜெபிக்கிறேன் என்று அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கியதும் டீச்சர்தான்.

சங்கிலியில் டீச்சருக்கு அடுத்து, கடைசி ஆள் அவள். அவளுக்கு வலது பக்கம் ஐயரம்மா, போதகரின் மனைவி. அவர் கையை அழுத்தினால் அவர், எல்லாரும் சேர்ந்து சொல்லி முடிக்கிற பரமண்டல ஜெபத்தைத் தொடங்கிவிடுவார். பெனிட்டாவின் பேர் ஒருத்தர் வாயிலும் வராமலே இன்றைய ஜெபம் முடிந்துவிடும்.

அவள் வாய் திறந்தால்தான் உண்டு.

ஆறு வருஷத்துக்கு முன், ஞானஸ்நானம் எடுத்த புதிதில், இதே ஹாலில் அவள் வாய் திறந்து ஜெபித்தாள். ஆப்பக் கடைக்காரி. சாப்பிட்டுப் போகிறவர்களை வாழ்த்தி அனுப்பியே பழகிய வாய். ஜெபத்தையும் அப்படியே முடித்தாள்.

"ஆண்டவரே, நீரு நல்லா இருக்கணும்."

வட்டம் முழுக்கச் சிரிப்பு. ஐயரம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஏட்டி, அவரு நல்லா இல்லாமலா இருக்காரு?" என்று கேட்டது எப்சிபாய் டீச்சர்தான்.

கேலிதான். கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் குத்தியது. அன்றைக்கு மூடினாள் வாயை.

சபையில்தான் மூடினாள்.

விடியற்காலை அடுப்படியில் அப்படி இல்லை. மாவை ஊற்றி, சட்டியைச் சுழற்றி, மூடி போட்டு, அது வேகிற நேரமெல்லாம் அவரிடம்தான் பேச்சு. கோபித்திருக்கிறாள். அழுதிருக்கிறாள். போம், உம்ம பேச்சு கா என்றுகூடச் சொல்லியிருக்கிறாள். பேச்சு சுவாரசியத்தில் எத்தனையோ ஆப்பம் கருகிப் போயிருக்கிறது.

டீச்சரின் கை மறுபடியும் அழுத்தியது. இது முறை தாண்டுகிற அழுத்து இல்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

பழக்கத்தில் அவள் வலது கை விரல்கள் ஐயரம்மாவின் கைமேல் மடங்கப் போயின.

மடக்கவில்லை.

சிரித்தால் சிரிக்கட்டும்.

"ஆண்டவரே, எனக்கு டீச்சர் மாதிரி சொல்லத் தெரியாது. காலையில அடுப்படியில உம்மகிட்ட சொன்னதத்தான் இப்பவும் சொல்லுதேன். அந்தப் புள்ள பெனிட்டா என் கடை ஆப்பம் தின்னு வளந்தது. ஓரம் மொறுமொறுன்னு வேணும்னு நின்னு வாங்கும். இப்பம் தூரத்துல, தெரியாத ஊருல, ஒத்தையில கெடக்கு. அதப் பெத்தவளால போக முடியல. உமக்கு விசாவா கிசாவா? நீரு போயி பக்கத்துல நில்லும். ரெண்டு உசிரையும் நல்லபடியா ரெண்டாக்கிக் குடும்."

யாரோ விசும்பினார்கள். அவள் நிறுத்தவில்லை. அடுப்படிப் பேச்சு அத்தனையும் வரிசையாக வந்தது. கடைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவரைக் கூப்பிடுகிற குரல், ஹாலின் தகரக் கூரை வரைக்கும் போயிற்று. கூச்சம் போன இடம் தெரியவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அழ வேண்டிய நேரத்தில் இதென்ன சந்தோஷம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

முடிக்கும்போது அந்தப் பழைய வரி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"ஆமென்."

"ஆமென்" என்றது வட்டம். டீச்சரின் ஆமென் மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது.

போன் அடித்தது.

டீச்சர் இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார். வலது கையை அவளிடமிருந்து எடுக்கவில்லை. மஸ்கட்டிலிருந்து மருமகன் என்ன சொன்னாரோ, யாருக்கும் கேட்கவில்லை. பதின்மூன்று பேரும் டீச்சரின் முகத்தையே பார்த்தார்கள்.

டீச்சர் போனை மடியில் போட்டார். முகத்தை மேலே தூக்கினார். வேதத்தின் அறுபத்தாறு ஆகமத்தையும் கரைத்துக் குடித்த வாய், திறந்தது திறந்தபடி இருந்தது. ஒரு வசனமும் வரவில்லை.

அப்புறம் வந்தது.

"ஆண்டவரே, நீரு நல்லா இருக்கணும்."

முதலில் சிரித்தவள் அவள்தான்.

பிறகு ஐயரம்மா. பிறகு வட்டம் முழுக்க.