ஹாரனுக்கு ஒரு பேட்டரி

"பழைய ஜாவாவுக்கு ஆறு வோல்ட்தான்க்கா. சின்னதா, பெரிசா? வண்டிய யாரு ஓட்டுதா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"யாரும் ஓட்டல தம்பி. ஹாரன் அடிச்சாப் போதும்" என்றாள் எப்சிபா.

பக்கவாதத்தில் பேச்சுப் போனதிலிருந்து அவள் கணவர் தேவசகாயம் வராந்தாவில், தன் பழைய பைக்கை ஒட்டிப் போட்ட கட்டிலில்தான் கிடக்கிறார். இடது கைக்கு ஹாரன் எட்டும். தண்ணீருக்கும் அடிப்பார், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அடிப்பார். பேட்டரி செத்த பிறகுதான் அவள் நன்றாகத் தூங்கினாள். அவர் சுவரைப் பார்த்தே கிடந்தார்.

"சின்னது சீக்கிரம் இறங்கிரும். பெரிசு ரெண்டு வருசம் தாங்கும்" என்றார் கடைக்காரர்.

இன்னும் இரண்டு வருடமா என்று நினைத்தபோதே அவளுக்குக் கால் கடுத்தது. இரண்டையும் தூக்கிப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

"பெரிசே குடுங்க."

மெக்கானிக் வீட்டுக்கு வந்து மாட்டிவிட்டுப் போனதும் தேவசகாயம் ஹாரனை அழுத்தினார். அவள் பக்கத்தில்தான் நின்றாள். அவளையே பார்த்தபடி விட்டு விட்டு அழுத்திக்கொண்டே இருந்தார். என்ன வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள்.