காற்றுப் போகிற வழி

“குடியிருக்கிறவங்க கவனக்குறைவுன்னு ரிப்போர்ட்ல கொட்டை எழுத்துல எழுதுங்க தவம். மாசக் கடைசியில இவங்களைக் காலி பண்ண வைக்கிறேன்” என்றார் வீட்டுக்காரர் நரசிம்மன்.

துணி உலர்த்தும் டிரையரின் காற்றுக்குழாய்களைச் சோதிப்பது தவத்தின் தொழில். கிரவீன் புறநகரில் அன்றைக்கு அதுதான் முதல் வீடு.

“முதல்ல பாப்பம் சேர்.”

வாடகைக்கு இருக்கும் பவளராணி இரண்டு பிள்ளைகளையும் அணைத்தபடி கதவோரம் நின்றாள்.

“பஞ்சு வலையை நாளாந்தம் துடைக்கிறனான் அண்ணை. எண்டாலும் மெஷின் நெருப்பாக் கொதிக்குது. இவருக்கு மூண்டு தரம் சொன்னனான்.”

“சொல்லுவீங்க! அகதியா போட்ல வந்தவங்களுக்கு டிரையர் கேக்குதா? கொடியில காயப்போடத் தெரியாது?”

“கிழமை முழுக்க மழை, அங்கிள்” என்றாள் பவளராணி.

தவம் குழாயைக் கழற்றினார். கை நிறையப் பஞ்சு வந்தது. ஓரமெல்லாம் கருகியிருந்தது.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” நரசிம்மனுக்குப் பரம சந்தோஷம்.

பஞ்சு முழுவதையும் எடுத்து, குழாயை மாட்டி, டிரையரை ஓட விட்டார் தவம். அப்போதும் காற்றளக்கும் கருவியில் முள் அசையவில்லை.

அளவு நாடாவோடு வீட்டின் பின்புறம் போனார். காற்று வெளியேறும் ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில், பிள்ளையார் படம் பதித்த ஓடு ஒன்று சிமெந்து வைத்து ஒட்டியிருந்தது. அதன் கீழே புதுப் பூ.

“தங்கச்சி, நீங்களோ இதை ஒட்டினது?”

“இல்லை அண்ணை. நாங்கள் வரேக்கையே இருந்தது. நான் பூ மட்டும்தான் வைக்கிறனான்.”

நரசிம்மன் தொண்டையைச் செருமினார். “நான்தான் ஒட்டினேன். கன்னி மூலையில ஓட்டை இருந்தா ஓனருக்கு ஆகாதுன்னு வாஸ்துக்காரர் சொன்னார்.”

“காற்றுப் போக வழியில்லாமல்தான் பஞ்சு கருகியிருக்கு சேர். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பிள்ளையளோட வீடே எரிஞ்சிருக்கும். ரிப்போர்ட்டில இதைத்தான் எழுதுவன்.”

“அட, இதனால தீப்பிடிக்கும்னு எனக்கு எப்படிங்க தெரியும்? தெரியாம நடந்துபோச்சு.”

முகம் வாடி நின்றவரைப் பார்க்கத் தவத்துக்கே பாவமாகிவிட்டது. ஒரு பயமும் வந்தது.

“நீங்கள் இருக்கிற வீட்டிலையும் அந்த மூலையிலதான் டிரையர் ஓட்டையோ சேர்?”

“ஆமா, அதே மூலைதான்.”

“அதையும் அடைச்சிட்டீங்களோ? அப்பிடியெண்டால் இண்டைக்கே உடைக்க வேணும்!”

நரசிம்மன் பதறிப்போய்ச் சொன்னார்:

“அதை அடைப்பேனா? அங்க நாங்கதானே குடியிருக்கோம்!”