சுவரைப் பார்த்து ஊதியவன்

மஞ்சக்குப்பத்து மைக்செட் கடையில் பேண்டு குழுவின் இரண்டாவது இசைத்தட்டு சுழல்கிறது. பூவராகன் டிரம்பெட்டை மடியில் கிடத்திப் பல்லைக் கடித்தபடி கேட்கிறான். அதன் பித்தளை வாயில் பட்ட வெயில் அவன் கண்ணைக் குத்துகிறது. டிரம் அடி சுத்தமாக விழுகிறது, கிளாரினெட் குழைகிறது, முதல் தட்டின் இரைச்சல் துளியும் இல்லை. அதை அவனாலும் மறுக்க முடியவில்லை. ஆனால் முதல் தட்டில் கூரையைப் பிய்த்த அவனுடைய டிரம்பெட் எங்கே? மெட்ராஸில் பதிவு நடந்தபோது, மைக் தாங்காது என்று சொல்லி அவனை மூலையில் சுவரைப் பார்த்து நின்று ஊதவைத்தார் பேண்டு மாஸ்டர் சிற்றம்பலம், அவன் அக்கா புருஷன். “எவ்ளோ நைசா இருக்கு பாத்தியா மச்சான்?” என்று இப்போது தொடையில் தாளம் போடுகிறார். கடைக்காரர் நஸ்ருதீன் காதைத் தீட்டிக்கொண்டு வாசலை எட்டிப் பார்க்கிறார். “பக்கத்துத் தெருவுல கல்யாணம் போலருக்கு. எவனோ டிரம்பெட் ஊதுறான்.” பூவராகன் விருட்டென்று எழுகிறான். டிரம்பெட்டின் வாயை மாஸ்டரின் காதோரம் வைக்கிறான். “இப்ப எந்தத் தெருவுல கேக்குதுன்னு சொல்லு மாமா” என்று சொல்லி, நெஞ்சு புடைக்க மூச்சை இழுக்கிறான்.